குளவியின் முதுகில் ஒரு கோடு

அண்ணனுடைய ஸ்டூடியோவில் நாங்கள் முதன்முதலில் மிக அருகில் போய் எடுத்தது தாலியைத்தான். ஸ்டூடியோ திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது. கல்யாண ஆல்பத்தில் ஒரு பக்கம் முழுக்கத் தாலி மட்டும் வர வேண்டும் என்று கேட்கும் பழக்கம் அப்போது பரவிக்கொண்டிருந்தது. எங்களிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் கிறிஸ்தவக் குடும்பங்கள். அவர்கள் தாலியில் புறா இருக்கும், அல்லது சிலுவை. புறாவின் அலகைத் தெளிவாகப் பிடித்தால் இறக்கை மங்கும். இறக்கையைப் பிடித்தால் அலகு போய்விடும்.

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, விழுப்புரத்தில் யு.பி.எஸ். பழுதுபார்க்கும் ஒரு நிறுவனத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். தினமும் பஸ்ஸில் போய்வருவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டூடியோவில் இருப்பேன். “நீதான் இன்ஜினியராச்சே, இதுக்கு ஒரு வழி சொல்லு” என்று அண்ணன் அந்தப் புறாவை என்னிடம் ஒப்படைத்துவிட்டான்.

வழி ஏற்கெனவே இருந்தது. இணையத்தில் பலர் விளக்கியிருந்தார்கள். பொருளுக்கு அருகில் போகப்போக, தெளிவாக விழும் பகுதி ஒரு மெல்லிய தாளின் கனத்துக்குச் சுருங்கிவிடுகிறது. லென்ஸின் துவாரத்தைச் சிறிதாக்கினால் அந்தத் தாள் கொஞ்சம் தடிக்கும். ஆனால் ஓர் எல்லைக்குமேல் துவாரத்தின் விளிம்பில் ஒளி சிதறி, படம் முழுவதும் மழுங்கிவிடும். அதனால் துவாரத்தைத் திறந்தே வைத்து, அந்தத் தாளைப் பொருளின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம்வரை சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு படம் எடுக்க வேண்டும். பிறகு ஒரு மென்பொருள் எல்லாப் படங்களிலிருந்தும் தெளிவான இடங்களை மட்டும் பொறுக்கி ஒரே படமாக அடுக்கிக் கொடுக்கும். இதற்கு ஃபோகஸ் ஸ்டாக்கிங் என்று பெயர்.

புறா தெளிவாக வந்தது. கூடவே, இல்லாத கோடுகளும் வந்தன. கேமராவுக்குள் படம் விழும் தகட்டில் ஒரு தூசி இருந்தால், சாதாரணப் படத்தில் அது மங்கலான ஒரு புள்ளி. அடுக்கும்போது மென்பொருள் ஒவ்வொரு படத்தையும் இழுத்துச் சுருக்கி, பொருள் பொருளின்மேல் சரியாக உட்காரும்படி செய்கிறது. அப்படிச் செய்கையில் தூசி மட்டும் இடம் மாறிக்கொண்டே போய், கடைசியில் மெல்லிய கோடாக இழுபட்டுவிடும். தங்கத்தின்மேல் அது தலைமுடி ஒட்டியதுபோல இருக்கும்.

அந்தக் கோடுகளை எடுக்கும் வேலை அண்ணியுடையது. ஸ்டூடியோவில் டச்-அப் முழுவதும் அண்ணிதான். மணப்பெண்ணின் பரு, மாப்பிள்ளையின் கண்ணுக்குக்கீழ்க் கருவளையம், ரவிக்கையில் வெளியே தெரியும் ஊக்கு எல்லாம் அவர் கைக்கு நொடியில் மறையும். மறைந்த இடம் எது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. தாலிக்கு அவர் வைத்திருந்த விதி ஒன்றுதான்: முடி மாதிரி எது தெரிந்தாலும் எடுத்துவிடுவது. தாலியில் முடிக்கு வேலை இல்லை என்பதால் அந்த விதி ஒருமுறையும் தவறவில்லை.

என் பள்ளித்தோழி குளவியோடு வந்தபோது நாங்கள் இப்படித்தான் வேலை செய்துகொண்டிருந்தோம்.

அவள் வேளாண்மைப் பூச்சியியலில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வீடு விழுப்புரத்தை அடுத்த காணைக்குப் பக்கம். அப்பா கரும்பு வெட்டுக்குப் போகிறவர், அம்மா மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கவும் களை எடுக்கவும் போகிறவர். அம்மா வேலைக்குப் போகும் நிலத்திலிருந்துதான் அவள் சுருள்பூச்சி விழுந்த மல்லாட்டை இலைகளைப் பறித்துவந்து டப்பாக்களில் போட்டு வைத்திருந்தாள். இலைக்குள் இருக்கும் புழுவிலிருந்து சில டப்பாக்களில் அந்துப்பூச்சிக்குப் பதிலாகக் குளவி வெளியே வந்தது. புழுவைத் தின்று வளரும் குளவி. நீளம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. வெறும் கண்ணுக்கு அது பேனா முனையில் வைத்த புள்ளி.

“இதுக்குப் பேர் இல்லன்னு நெனைக்கிறேன்டி” என்றாள்.

அவள் சொன்னதை நான் புரிந்துகொண்டது இப்படி. இந்த வகைக் குளவிகளின் முதுகில், இறக்கைகளுக்கு நடுவே, கேடயம் போன்ற ஒரு சிறிய தகடு இருக்கும். அந்தத் தகட்டில் எத்தனை ஜோடி முடி என்பதை வைத்து இனத்தைப் பிரிப்பார்கள். மற்ற அடையாளங்கள் எல்லாம் ஒத்துப்போகும் இனம் ஒன்று ஏற்கெனவே பெயரோடு இருந்தது. அதற்கு இரண்டு ஜோடி. இவளுடைய குளவியில் ஒரு ஜோடிதான் தெரிந்தது. அப்படியானால் இது புதிய இனம். ஆனால் அவர்கள் ஆய்வகத்து மைக்ரோஸ்கோப்பில் முதுகு கறுப்பாகப் பளபளக்கிறதே தவிர, உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தெளிவான படம் வேண்டும். இனத்தைச் சொல்லப் பெண் குளவிதான் பயன்படும், முழுதாக மிஞ்சியிருந்த பெண் ஒன்றே ஒன்று. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. புதிய இனம் என்று உறுதியானால் அதுவே ஆய்வேட்டின் முதல் அத்தியாயம். பெயர் வைக்கும் உரிமையும் அவளுக்கு. ஊர்ப் பெயரோடு லத்தீன் வால் ஒன்றைச் சேர்த்து அவள் ஏற்கெனவே ஒரு பெயர் யோசித்து வைத்திருந்தாள்.

“வீட்ல சொல்லிட்டியா?”

“அப்பாவுக்குச் சொன்னேன். ‘நம்ம பேர்ல ஒரு சென்ட் நெலம் இல்ல, ஒரு பூச்சியாச்சும் இருக்கட்டும்’னு சிரிக்கிறாரு. சர்ச்சுல, பங்குக்காரங்க பாதிப்பேருக்குச் சொல்லிட்டாரு.”

தாலிக்கு வைத்திருந்த ஏற்பாடு குளவிக்குப் போதாது. புதிதாக ஒன்று செய்ய வேண்டியிருந்தது. அதற்குச் சேர்த்த பொருட்களில் முக்கியமானது கல்லூரி ஆய்வகம் ஒன்று கழித்துவிட்ட மைக்ரோஸ்கோப். விழுப்புரத்தில் என் நிறுவனத்துக்குப் பக்கத்தில் ஆய்வகச் சாமான் விற்கிற கடையில் மூலையில் கிடந்தது. அதிலிருந்து இரண்டை எடுத்துக்கொண்டேன். ஒன்று, பத்து மடங்கு பெரிதாக்கும் அப்ஜெக்டிவ் லென்ஸ். அதைக் கேமராவில் லென்ஸ் மாட்டும் இடத்தில் வெற்றுக் குழாய்களை நீட்டி, அவற்றின் முனையில் பொருத்தினேன். மற்றொன்று, ஃபோகஸ் செய்வதற்காக மைக்ரோஸ்கோப்பின் பக்கவாட்டில் இருக்கும் திருகும் அதன் பற்சக்கரப் பெட்டியும். மெல்லிய திருகை ஒரு கோடு திருப்பினால் பலகை இரண்டு மைக்ரான் நகரும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பத்து மடங்கில் தெளிவாக விழும் தாளின் கனம் எட்டு ஒன்பது மைக்ரான்தான். ஒரு தாளும் அடுத்த தாளும் கொஞ்சம் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும். அதனால் படத்துக்குப் படம் நான்கு மைக்ரான் என்று வைத்துக்கொண்டேன்.

கேமராவை அசையாமல் வைத்து, குளவியைத்தான் நகர்த்தினேன். கேமரா கனமானது, நகர்த்தினால் ஆடும். குளவிக்கு எடையே இல்லை. கையால் திருகினாலும் ஆட்டம் வரும் என்பதால், கெட்டுப்போன ஒரு பிரிண்டரிலிருந்து ஸ்டெப்பர் மோட்டாரைக் கழற்றித் திருகோடு இணைத்து, அதைச் சொன்ன அளவு திருப்பவும், நின்று காத்திருந்து படம் எடுக்கவும் ஒரு சின்ன சர்க்யூட் செய்தேன். இதெல்லாம் என் படிப்புக்குள் வருகிற விஷயம், சிரமம் இருக்கவில்லை.

சிரமம் வேறு இடங்களில் இருந்தது. கீழே பஸ் திரும்பும்போதெல்லாம் கட்டடம் அதிர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத அதிர்வு, பத்து மடங்கில் பூகம்பம். எல்லாவற்றையும் ஒரு கடப்பாக் கல்லின்மேல் ஏற்றி, கல்லுக்கு அடியில் பஞ்சு மெத்தைத் துண்டுகளை வைத்தேன். பாதி குறைந்தது. மீதிக்குக் கல்யாணத்துக்கு எடுத்துப்போகும் ஃபிளாஷ் விளக்குகளைக் குறைந்த சக்தியில் வைத்தேன். அந்த வெளிச்சம் கண நேரம்தான் நிற்கும், அதற்குள் எதுவும் அசைய நேரமில்லை. பற்சக்கரங்களுக்கு இடையில் கொஞ்சம் தளர்ச்சி இருந்தது. திசை மாற்றினால் முதல் சில நகர்வுகள் வீணாகும். அதனால் எப்போதும் ஒரே திசையில், குளவியைத் தாண்டிக் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்குவேன். மின்விசிறி கூடாது. கதவை யாரும் வேகமாகச் சாத்தக் கூடாது. பாஸ்போர்ட் படம் எடுக்க வருகிறவர்கள் செருப்பை வெளியே கழற்றிவிட்டு மெதுவாக நடக்க வேண்டும் என்று அண்ணி ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிட்டார். கோயில் மாதிரி இருக்கிறது என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார்.

வெளிச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலோகம்போலப் பளபளக்கும் பூச்சிக்கு நேரான வெளிச்சம் ஆகாது. வெள்ளை வெள்ளையாகப் பொரிந்துபோன இடங்களும் இருட்டுமாக இருக்கும். வெள்ளை ஐஸ்கிரீம் கப்பின் அடியை வெட்டி, குளவியைச் சுற்றிக் கூடாரம் மாதிரி நிறுத்தி, கப்புக்கு வெளியே இரண்டு பக்கமும் ஃபிளாஷ் வைத்தேன். வெளிச்சம் எல்லாத் திசையிலிருந்தும் மென்மையாக வந்தது. முதுகின் நிறம் கறுப்பு இல்லை, கரும்பச்சை என்று அப்போதுதான் தோழிக்கே தெரிந்தது.

குளவி ஒரு முக்கோண அட்டைத் துண்டின் நுனியில் ஒட்டப்பட்டு, அந்த அட்டையில் குத்திய ஊசியோடு சின்னப் பெட்டிக்குள் இருந்தது. ஊசியைத் தவிர வேறெதையும் தொடக் கூடாது என்று தோழி எச்சரித்திருந்தாள். மயிரிழைத் தூரிகையால் தூசி தட்டும் உரிமையையும் அவள் எனக்குக் கொடுக்கவில்லை.

முதல் இரண்டு முயற்சிகள் வீண். மூன்றாவது சரியாக வந்தது. அடுக்கிய படத்தில் வழக்கம்போலத் தூசிக் கோடுகள் இருந்தன. அண்ணி ஒரு மத்தியானம் உட்கார்ந்து சுத்தம் செய்து கொடுத்தார்.

படம் நன்றாக இருந்தது என்பதில் சந்தேகமில்லை. கரும்பச்சைத் தகடு, அதன்மேல் மீன் செதில்போல நுண்ணிய வரிகள், பின் ஓரத்தில் இடமும் வலமுமாகக் கறுத்த, வளைந்த இரண்டு முடிகள். ஒரு ஜோடி. ஒரே ஜோடி. தோழி திரையின் முன் ரொம்ப நேரம் நின்றாள்.

“அண்ணி, நீங்க தெய்வம்” என்றாள்.

“போம்மா. கல்யாணப் பொண்ணுங்க யாராச்சும் இப்படிச் சொல்றாங்களா? இன்னும் கொஞ்சம் செவப்பாக்குன்றாங்க.”

அன்றே அவள் படத்தைத் தன் வழிகாட்டிப் பேராசிரியருக்கு அனுப்பினாள். அவர் துறையில் எல்லோருக்கும் காட்டினாராம். இந்தக் குளவிகளை அறிந்த வெளியூர் நிபுணர் ஒருவருக்கு எழுத வேண்டும், அதற்குள் விவரணையைத் தயார்செய் என்றாராம். வருகிற ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், அவர் பெரிதாகத் திரையில் பார்க்க வேண்டும் என்கிறார் என்று எனக்குப் போன் செய்தாள். முடிந்தால் அதற்குள் படத்தில் அளவுகோலைப் போட்டு வை, முடிகளின் நீளத்தையும் அளந்து வை என்றாள்.

அளவுகோல் போடுவது எளிது. அதே ஏற்பாட்டில் ஒரு ஸ்டீல் ஸ்கேலின் மில்லிமீட்டர்க் கோடுகளைப் படம் எடுத்து, ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை புள்ளிகள் என்று கணக்கிட்டால் போதும். முடியின் நீளத்துக்கு அடுக்கிய படத்தை நம்பாமல், முடி தெளிவாக விழுந்திருக்கும் மூலப் படங்களைத் திறந்தேன். அடுக்கும்போது மென்பொருள் இழுத்துச் சுருக்கியிருப்பதால் மூலப் படமே சரி. வேறு எண்ணம் எதுவும் எனக்கு இல்லை.

தகட்டின் முன்பாதி தெளிவாக விழும் படங்களில், இடது பக்கம் ஒரு கோடு இருந்தது. வெளிர்நிறம், மிக மெல்லியது, முதுகோடு ஒட்டிப் படுத்திருந்தது. அண்ணி கொடுத்த படத்தில் அந்த இடத்தில் செதில் வரிகள் மட்டும்தான்.

தூசியா என்று பார்க்க இரண்டு சோதனைகள் இருக்கின்றன. தூசி கேமராவுக்குள் இருப்பதால் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி இருக்கும். பொருளில் இருப்பது மூன்று நான்கு படங்களில் மட்டும் தெளிந்து, மறுபடி மங்கும். அடுத்தது, தூசியின் கோடு எப்போதும் படத்தின் நடுவிலிருந்து வெளியே நோக்கித்தான் இழுபடும், ஏனென்றால் மென்பொருள் நடுவை வைத்துத்தான் சுருக்குகிறது. இந்தக் கோடு நான்கு படங்களில் தெளிந்து மங்கியது. வெளியே நோக்கிப் போகவில்லை, குறுக்கே படுத்திருந்தது. அடியில் அது முதுகைத் தொடும் இடமும் தெரிந்தது.

வலது பக்கம் அதே இடத்தில் ஒன்றும் இல்லை.

அண்ணியிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“ஆமா, நான்தான் எடுத்தேன். நடுவுல ஒத்தையா அசிங்கமாத் தெரிஞ்சுது. இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் இல்லன்னா தூசுதானே பாப்பா?”

“தூசி இல்ல அண்ணி. முடி.”

“பூச்சிக்கு முடி இருந்தா இன்னா? கால்ல எல்லாம் இவ்ளோ இருக்குது, அதெல்லாம் உட்டுட்டேனே.”

“அவளுக்கு இந்த இடத்துல இருக்கற முடிதான் கணக்கு.”

அண்ணி கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, “அந்தப் பொண்ணுகிட்ட இப்பவே சொல்லிடு” என்றார். நான் போனில் சொல்லவில்லை. ஒரு பக்கம் மட்டும் முடி என்பதற்கு என்ன பொருள் என்பது எனக்குத் தெரியாது. தெரியாததைப் போனில் சொல்வதில் பயன் இல்லை. மூலப் படங்களை ஒரு ஃபோல்டரில் வரிசையாக எடுத்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்தார்கள். அவள் அப்பா பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு இருந்தார். அட்டையைப் படித்துவிட்டுச் செருப்பை மாடிப்படியின் கீழேயே கழற்றிவிட்டு வந்திருந்தார். மணமக்களை உட்கார வைக்கும் சிவப்பு நாற்காலியில் அண்ணி அவரை உட்காரச் சொன்னார்.

“இதுல உக்காந்தா மறுபடி கல்யாணம் பண்ணி வெச்சிடுவீங்களோ?”

“பொண்ணு பாத்துட்டு சொல்றோம்ப்பா.”

முதலில் அண்ணி சுத்தம் செய்த படத்தைத் திரையில் போட்டேன். அவர் எழுந்து கிட்டே வந்தார்.

“இதுவா? மல்லாட்டக் கொல்லயில இருக்குதே, இதுவா?”

“இதுதாம்ப்பா” என்றாள் தோழி.

“நம்ம மேல எத்தன உக்காந்திருக்குமோ. பச்சக் கல்லு வெச்ச மாதிரி இருக்குது.”

அடுத்து, தோழியைக் கூப்பிட்டு, மூலப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். கோடு மங்கலாகத் தொடங்கித் தெளிந்து மறுபடி மங்குவதை அவள் மூன்று தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் சோதனைகள் இரண்டையும் சொன்னேன். அண்ணி அழித்தது எப்படி என்பதை அண்ணியே சொன்னார்.

“ஒரு பக்கந்தானே இருக்கு” என்றாள் தோழி. குரல் மாறவில்லை.

“ஒரு பக்கந்தான்.”

“அப்ப ரெண்டு விஷயம் இருக்கலாம். இது வேற எங்கிருந்தோ வந்து ஒட்டின நார். இல்லன்னா இதுவும் ஒரு ஜோடி, அந்தப் பக்கத்து முடி ஒடஞ்சிபோச்சு.”

“எப்படிக் கண்டுபுடிக்கிறது?”

“முடி ஒடஞ்சாலும் மொளச்ச எடத்துல ஒரு குழி இருக்கும். வலது பக்கம் குழி இருந்தா ஜோடி.”

“ஜோடின்னா?” என்றார் அவள் அப்பா.

அவள் அவரைப் பார்க்காமல் திரையைப் பார்த்தே சொன்னாள். “ஜோடின்னா இது புதுப் பூச்சி இல்லப்பா. ஏற்கெனவே பேர் வெச்சது.”

கீழே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே திரும்பியது. அண்ணிதான் முதலில் பேசினார்.

“ஏம்மா, ஒத்த முடிக்கா இவ்ளோ பேஜாரு? உங்க சாருக்கு அனுப்பின படத்துல அது இல்ல. நல்லாதான இருக்குது அந்தப் படம். கல்யாணப் பொண்ணு மூஞ்சில மரு இருந்தா நான் எடுத்துடறேன், யாராச்சும் வந்து எங்க அந்த மருன்னு கேட்டாங்களா?”

“பத்தாவது சர்டிபிகேட்ல அந்த மருவத்தான அண்ணி அங்க அடையாளம்னு எழுதிக் குடுக்கறாங்க” என்றாள் தோழி.

அண்ணி சிரித்துவிட்டார். அவளும் கொஞ்சம் சிரித்தாள். அவள் அப்பா சிரிக்கவில்லை, மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்பவே எடுக்க முடியுமா?” என்று என்னிடம் கேட்டாள். குளவிப் பெட்டி அவள் பையில் இருந்தது.

குழியைக் காட்டுவதற்குக் கூடாரத்து வெளிச்சம் உதவாது. எல்லாப் பக்கமும் வெளிச்சம் வந்தால் பள்ளத்தில் நிழல் விழாது. நிழல் இல்லாவிட்டால் பள்ளம் தெரியாது. ஐஸ்கிரீம் கப்பின் ஒரு பக்கத்தை வெட்டித் திறந்து, ஒரு ஃபிளாஷை அணைத்தேன். மற்றதைக் குளவியின் முதுகுக்குக் கிட்டத்தட்டப் படுக்கை மட்டத்தில், வலது பக்கமாக வைத்தேன். பளபளப்புக் கூடும், அழகு போகும், ஆனால் மேடுபள்ளம் எல்லாம் தெரியும். தோழியே ஊசியைப் பிடித்துக் குளவியை ஒரு சாய்வு திருப்பி வைத்தாள். தகட்டின் முன்பாதி மட்டும் போதும் என்பதால் நகர்வை இரண்டு மைக்ரானாகக் குறைத்தேன்.

மோட்டார் திரும்பத் தொடங்கியது. நகர்வு, காத்திருப்பு, ஃபிளாஷ். நகர்வு, காத்திருப்பு, ஃபிளாஷ். அந்த நேரத்தில் யாரும் நடக்கக் கூடாது என்பதால் எல்லோரும் இருந்த இடத்திலேயே இருந்தோம். பாஸ்போர்ட் படத்துக்கு வந்த ஒரு கல்லூரி மாணவியை அண்ணி கைகாட்டி வாசலிலேயே நிறுத்தினார். அவள் நாங்கள் நால்வரும் ஒரு ஐஸ்கிரீம் கப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“மூச்சு வுடலாமா?” என்று தோழியின் அப்பா மெல்லக் கேட்டார்.

“வுடுங்கப்பா, மெதுவா.”

முடிந்ததும் நான் அடுக்கவில்லை. மூலப் படங்களையே ஒவ்வொன்றாகப் பெரிதாக்கினேன். பாதி தாண்டியதும், வலது பக்கத்தில், இடது முடியின் அடிக்கு நேர் எதிரே, ஒரு சின்ன வட்டம் தெளிந்தது. ஒரு ஓரத்தில் வெளிச்சம், மறு ஓரத்தில் பிறை மாதிரி நிழல். நடுவில் ஒடிந்த முடியின் தூர் ஒரு துளி.

தோழி அதை விரலால் தொட்டாள். திரையைத்தான்.

“குழி” என்றாள்.

“வேற எதாச்சும் பள்ளமா இருக்கலாமா?” என்று கேட்டேன். கேட்க வேண்டிய கேள்வி என்பதால் கேட்டேன்.

“இல்லடி. பின்னாடி இருக்கற ஜோடிக்கும் இதே மாதிரிதான் வட்டம். ரெண்டு ஜோடி.” நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள்.

அவள் அப்பா கிட்டே வந்து நின்றார். “அப்ப இதுக்குப் பேரு வெச்சாச்சு.”

“ஆமாப்பா.”

“யாரு வெச்சது?”

“யாரோ ஒரு வெள்ளக்காரரு. ரொம்ப காலத்துக்கு முன்னாடி.”

“அவுங்க ஊர்லயும் மல்லாட்ட போடறாங்களா?”

“இல்லப்பா. அங்க வேற எதோ செடி, வேற எதோ புழு.”

“அப்ப இந்தப் புழுவுல இது இருக்கறது அந்தாளுக்குத் தெரியாது.”

தோழி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். போனை எடுத்துப் பேராசிரியரை அழைத்தாள். ஞாயிற்றுக்கிழமை தொந்தரவு செய்வதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, முதலில் அனுப்பிய படம் தவறு, யாருக்கும் அனுப்ப வேண்டாம், இரண்டாவது ஜோடி இருக்கிறது, வலது முடி உடைந்திருக்கிறது, குழியின் படம் இப்போது அனுப்புகிறேன் என்று வரிசையாகச் சொன்னாள். படத்தில் முடி ஏன் விடுபட்டது என்பதற்கு, “ப்ராசஸிங்ல போயிடுச்சு சார்” என்றாள். அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பக்கம் பேராசிரியர் ரொம்ப நேரம் பேசினார், நடுவிலேயே அவள் குழியின் படத்தை அனுப்பிவிட்டாள். இவள் “சரிங்க சார்” என்று பல தடவை சொன்னாள். ஒரு தடவை மட்டும், “டைம் பத்துமா சார்?” என்று கேட்டாள்.

போனை வைத்ததும் அப்பா கேட்டார், “திட்டினாரா?”

“ஆரம்பத்துல. அப்பறம் படத்தப் பாத்தாரு. அந்த அத்தியாயத்த எடுத்துடச் சொல்றாரு. இந்தக் குளவி நம்ம பக்கத்துல, மல்லாட்ட சுருள்பூச்சியில வருதுன்னு இதுவரைக்கும் யாரும் எழுதலையாம். அத எழுதச் சொல்றாரு. சின்ன விஷயந்தான். ஆனா சரியான விஷயம்.”

“பேரு?”

“பழைய பேருதான்ப்பா.”

“நம்ம ஊர் பேரு எங்கியும் வராதா?”

“எந்த எடத்துல புடிச்சதுன்னு போடணும். அதுல வரும்.”

“சின்ன எழுத்துலயா?”

“சின்ன எழுத்துலதான்.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “வரட்டும்” என்றார். பிறகு, “பங்குல இன்னா சொல்றது?” என்று தன்னையே கேட்டுக்கொள்வதுபோலக் கேட்டார்.

“பூச்சிக்கு வேற அப்பன் இருக்கான்னு சொல்லுங்க” என்றாள் தோழி. அவர் அவள் முதுகில் ஒரு அறை வைத்தார், விளையாட்டுக்கு. சிரிப்பு வந்து அடங்கியபோது அவள் கண் கலங்கியிருந்தது. அண்ணி வாசலில் காத்திருந்த மாணவியை உள்ளே கூப்பிட்டு, அவளை வெள்ளைத் திரைக்கு முன் உட்காரவைக்கப் போனார்.

ஆய்வேட்டுக்கு எந்தப் படத்தைப் போடுவது என்று தோழியும் நானும் பேசினோம். கூடாரத்து வெளிச்சத்தில் எடுத்ததை மறுபடி அடுக்கி, தூசிக் கோடுகளை மட்டும் நீக்கி ஒன்று. பக்க வெளிச்சத்தில் எடுத்தது, அழகில்லாமல், உள்ளபடி, ஒன்று. இனிமேல் ஒவ்வொரு கோட்டையும் நீக்குவதற்கு முன் மூலப் படத்தில் சரிபார்ப்பது என்றும், நீக்கியது எது என்பதைத் தனியாகக் குறித்து அனுப்புவது என்றும் முடிவு செய்தோம். அளவுகோல் வலது கீழ் மூலையில். எழுத்தின் அளவு பல்கலைக்கழகம் கேட்கிறபடி.

“ரெண்டு அம்புக்குறி போடு” என்றாள்.

எங்கே என்று கேட்டேன். திரையில் காட்டினாள். ஒன்று முடிக்கு, ஒன்று குழிக்கு.